மூன்றாவது பெயர்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவளும் பாப்பாவும் சுகம். அங்கே அம்மாவின் கண்ணும் உன் முதுகும் எப்படி இருக்கின்றன? போனில் பேசினால் அம்மா பாதிக்கு "ஆங்?" என்கிறாள், மீதிக்கு "சரி சரி" என்கிறாள். கடிதம் என்றால் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள் அல்லவா? அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

புது வேலையில் ஒருவழியாக ஒட்டிக்கொண்டேன். என்னைப் பம்பு பிரிவில் போட்டிருக்கிறார்கள். தகரக் கூரை போட்ட பெரிய கூடம், நாள் முழுக்க இரைச்சல். வீடு சின்னது. எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னலில் இடிக்கும். பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது, வீடே அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

அம்மாவுக்கு: கனமான எதையும் தூக்காதே. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்.

அக்கா, இது உனக்கு மட்டும். இத்தனை வருஷமாக நீ ஏதோ உப்பைச் சுடுகிறாய் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. "உப்புக்காரி" என்று கேலி செய்ததோடு சரி. போன வாரம் இங்கே யாரோ அந்த மாதிரி மின்கலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்க அக்கா இதில்தான் இருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன், அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் முழித்தேன். வெட்கமாகப் போயிற்று. எனக்குப் புரிகிற மாதிரி எழுதேன்.

உன் மக்குத் தம்பி

*

ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் சுகம் என்று படித்ததில் அம்மாவுக்குப் பாதி வியாதி போய்விட்டது. கண் முன்பு போலத்தான். என் முதுகு உலைக்கு முன்னால் குனிகிறவரை வலிக்கும், வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும்.

அம்மாவுக்கு உன் கடிதத்தை வாசித்து முடித்த பிறகு, கடைசிப் பத்தியை எனக்கு நானே இன்னொரு தடவை வாசித்துக்கொண்டேன். இந்த வீட்டில் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீதான். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டால் அம்மா "ஏதோ லேப்ல" என்று சொல்லிவிட்டு, என் தலைமுடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். நினைவிருக்கிறதா?

கேள். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவே நாணயம் அளவுக்கு ஒரு வட்டு. அந்த வட்டுதான் என் உப்பு. சீசியம் என்கிற உலோகமும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்தது. பாதி உப்பு, பாதி அமிலம். ஹைட்ரஜனிலிருந்து பிரிகிற புரோட்டானை மட்டும் அது மறுபக்கம் விடும். எலக்ட்ரானுக்கு அந்தக் கதவு கிடையாது, கம்பி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அப்படிச் சுற்றிப் போவதுதான் மின்சாரம். புகை இல்லை, கரி இல்லை, கடைசியில் மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

ஆறிக் கிடக்கும்போது இந்த உப்பு பெரிய சோம்பேறி. இருநூற்று முப்பது டிகிரியைத் தாண்டினால் ஆளே மாறிவிடும். தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அந்த மாதிரி புரோட்டானைக் கைமாற்றித் தள்ளும். ஆனால் அதே சூட்டில்தான் தன்னுள் இருக்கிற நீரையும் இழந்து வீணாகப் பார்க்கும். நீராவி கொடுத்தால் உயிர் நிற்கும், ஆனால் மெழுகு மாதிரி இளகி உட்கார்ந்துவிடும். உருப்படுகிற இடத்திலேயே கெட்டும்போகிற பிள்ளை. அதை நிமிர்ந்து நிற்கவைப்பதுதான் என் வேலை.

அம்மா இப்போது கேட்டாள்: "என்னடி அவ்வளவு நேரமா எழுதற?"

"தம்பி உப்பைப் பத்திக் கேட்டிருக்கான்மா."

"அவனா? உடம்பு கிடம்பு சரியில்லையாமா?"

பல் விழுந்ததும் எழுதச் சொல் பாப்பாவை.

அக்கா

*

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவிடம் சொல், உடம்பு நன்றாகவே இருக்கிறது, புத்திதான் இப்போது வந்திருக்கிறது.

வாளி கைமாற்றுகிற கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். வாய் பிளந்தார்கள். ஒருத்தன், "உங்க அக்கா பாடம் எடுத்தா நான் படிச்சிருப்பேன்யா" என்றான்.

பிறகு ஒரே யோசனையாக இருக்கிறது. ஆவி கொடுத்தால் இளகுகிறது, கொடுக்காவிட்டால் வீணாகிறது என்றால் அதற்கு வழிதான் என்ன? வேறு எதையாவது கலப்பீர்களா? வழி கிடைத்த அன்றைக்கு முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும், ஆமாம்.

பல் விழுந்தது. பாப்பா அதைத் தீப்பெட்டிக்குள் வைத்து, யாரையும் தொடவிடாமல் காவல் காக்கிறாள்.

உன் தம்பி

*

மார்ச் 2

என் அருமைத் தம்பிக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் விஷயத்தைக் கேள். பலித்துவிட்டது!

மணலை மாவாக்கினது போன்ற பொடி ஒன்று உண்டு, சிலிக்கா. இதுவரை அதைச் சும்மா கலந்து பார்த்துத் தோற்றிருக்கிறேன். இந்தத் தடவை முதலில் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்தேன். எங்கள் உலர்த்தும் பெட்டி பழுதாகிக் கிடக்கிறது, அதனால் கண்ணாடித் தட்டில் பரப்பி ஜன்னலோரம் உலரவிட்டேன். பிறகு உலையில் மெல்ல மெல்லச் சூடேற்றிச் சுட்டேன். அந்தப் பொடியை உப்போடு அரைத்து அழுத்தி வட்டாக்கினால், பொடி எலும்பாக நிற்கிறது, உப்பு சதையாக அதைப் பற்றிக்கொள்கிறது. வாரக்கணக்கில் சூட்டிலேயே வைத்திருக்கிறேன். உட்காரவும் இல்லை, வீணாகவும் இல்லை.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொதிகலன். தொட்டதற்கெல்லாம் கொதிப்பார். அவரே வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இளகலையா?"

"இல்ல சார்."

"மீட்டர் பொய் சொல்லுதோ?"

"வேற மீட்டர்லயும் பாத்துட்டேன் சார்."

மீட்டரை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, பயமாக இருந்தது.

கட்டுரை அச்சாகிறவரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நீ வெளி ஆளா என்ன? வழி கிடைத்ததும் முதலில் உனக்குச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த மாதிரி ஒரு நினைப்பு. கொடுக்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதாவது வரன் வந்திருக்கா?" என்றாள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். உன் கடிதம் கண்டு துள்ளிக் குதித்தேன். சாதித்துவிட்டாய்.

ஒன்றிரண்டு சந்தேகம் மட்டும். பொடி எவ்வளவு, உப்பு எவ்வளவு? எத்தனை டிகிரி வரைக்கும் சுட்டாய்? ஊறவைத்தது எத்தனை நேரம்? சும்மா ஆசைக்குத்தான் கேட்கிறேன், பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். உடனே எழுது.

அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ கேட்டதையெல்லாம் பின்பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறேன். வட்டை அழுத்துகிற அச்சு எப்படி இருக்கும் என்பதையும் படமாகப் போட்டிருக்கிறேன், என் ஓவியத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூட நாளில் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் கொட்டாவி விடுவாய். இப்போது கேள்விமேல் கேள்வி கேட்கிறாய். யார் செய்த புண்ணியமோ!

உன் போன கடிதத்தில் தனக்கு ஒரு வரிதான் வந்தது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். அடுத்ததில் ஒரு பக்கமாவது எழுதிவிடு.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே எல்லோரும் சுகம்தானே? கோடையில் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்கு முந்தினதற்கும் இல்லை. போன் செய்தால் "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று செய்தி வருகிறது. பம்புக்கு இவ்வளவு மீட்டிங்கா?

அம்மா தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கதவைப் பார்க்கிறாள். "புது எடம், வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள். பழைய கடிதத்தையே இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பல் ஆடுகிற இடத்தில் முதல் தடவை போலவே சிரித்தாள்.

கட்டுரையை அனுப்பியாயிற்று. இதற்கிடையில் வட்டில் ஒரு சிக்கல் தலைகாட்டியிருக்கிறது. அதைப் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரியாவது போடு.

அக்கா

*

ஜூலை 28

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நலம். வேலை கழுத்துவரை இருக்கிறது, அதனால்தான் எழுத முடியவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். பெரிய வீட்டுக்கு மாறிவிட்டோம். மாடியில் பாப்பாவுக்குத் தனி அறை. அம்மா வந்து தங்க வசதியாக இருக்கும், மழை குறையட்டும், வந்து அழைத்துப்போகிறேன்.

அம்மா, கண் மருத்துவரைப் பார்த்தாயா? தள்ளிப்போடாதே.

அக்காவின் வேலை எல்லாம் நல்லபடி நடக்கும்.

தம்பி

*

செப்டம்பர் 4

தம்பிக்கு,

அம்மா சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

எங்கள் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. "இது ஏற்கனவே வேறொருவர் உரிமை கோரியிருக்கிற முறை" என்று குறிப்பு. கொதிகலன் என்னைக் கூப்பிட்டு ஒரு காப்புரிமை விண்ணப்பத்தை மேசைமேல் போட்டார். சிலிக்காப் பொடி, அமிலத்தில் ஊறவைத்தல், சுடுதல், எல்லாம் இருந்தன. அச்சின் படம்கூட இருந்தது, என்னைவிட நன்றாக வரைந்திருந்தார்கள். "சூடு காட்டாமல், காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும்" என்றும் ஒரு வரி. உலர்த்தும் பெட்டி பழுதானதால் ஜன்னலோரம் வைத்தேன், தம்பி. அதற்கும் பலனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

விண்ணப்பித்தது உன் நிறுவனம். கண்டுபிடித்தவர்கள் என்று மூன்று பெயர்கள் போட்டிருந்தன.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்றார் கொதிகலன்.

"வெளியே யார்கிட்டயும் சொல்லலை சார்."

சத்தியம் செய்தேன். சொல்லும்போது அது எனக்கு உண்மையாகவே பட்டது.

அவர் விரலை அந்தத் தாளில் வைத்தார். "மூணாவதா இருக்கற பேரைப் பாருங்க. அவரோட இனிஷியலும் உங்க இனிஷியலும் ஒண்ணா இருக்கே?"

"ஒரே எழுத்து எத்தனையோ பேருக்கு இருக்கும் சார்."

உலை அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது என்னை நூலகத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

அந்த மூன்றாவது பெயரை நான் வாசிக்கவில்லை. கண்ணாடி கொண்டுபோகவில்லை என்று வைத்துக்கொள். உன் நிறுவனம்தானே, நீயே பார்த்து எனக்கு எழுது. நீ என்ன எழுதினாலும் நம்புகிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நீங்களும் அத்தையும் சௌக்கியமா? நான் எழுதி வருஷக்கணக்காயிற்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். இவருக்கு எழுத நேரமே கிடைப்பதில்லை. உங்கள் கடிதம் வந்தது என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டதற்கு "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றார். அதனால் நானே எழுதுகிறேன்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை அண்ணி. இந்த மின்கலப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வட்டு இளகி இளகி இவர் சாப்பாட்டையே மறந்திருந்தார். வேலை நிலைக்குமா என்று பயந்துகொண்டிருந்தோம். "உங்க அக்காவே இதுலதானே இருக்காங்க, கேளுங்களேன்" என்று நான்தான் சொன்னேன். இப்போது பிரிவுக்கே இவர்தான் தலைவர். பாராட்டுக் கூட்டத்தில் மாலை போட்டார்கள். அக்கா பெயரையும் மேடையில் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள்தான் "என் பேர் வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்று எழுதிவிட்டீர்களாமே. எந்த அக்காவுக்கு அப்படி மனசு வரும்? பாப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறேன்.

மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அத்தையோடு நீங்களும் கட்டாயம் வர வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி

*

அக்டோபர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா நலமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ நல்ல தைலம் வாங்கித் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

அவசரமாக எழுதுகிறேன். ஒரு மருத்துவமனையின் மருந்துக் குளிர்அறைக்காக எங்கள் மின்கலத்தைக் கொடுத்திருந்தோம். ஓடிக்கொண்டே இருந்தவரை ஒரு குறையும் இல்லை. நிறுத்தித் திரும்ப ஓட்டினபோது உள்ளே ஹைட்ரஜன் கசிந்து காற்றோடு கலந்து குப்பென்று பற்றிவிட்டது. அதை மாட்டி ஓட்டுகிற பிட்டர் ஒருத்தருக்கு முகத்தில் கொஞ்சம் தீ பட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தால் வட்டு முழுக்க மயிரிழை விரிசல். இன்னும் பல இடங்களில் மாட்டியிருக்கிறோம். மேலே இருக்கிறவர்கள் என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வட்டில் ஏதோ சிக்கல் என்று நீ ஜூனில் எழுதியிருந்தாயே, அது இதுதானா? நீ அதைச் சரிசெய்திருப்பாய், எனக்குத் தெரியும். எப்படி என்று உடனே எழுது. போனில் வேண்டாம்.

முன்னால் நடந்ததில் உனக்கு வருத்தம் இருக்கலாம். அங்கே இருந்தால் அது கட்டுரையாகவே தூங்கியிருக்கும், இங்கே உபயோகத்துக்கு வந்தது, அவ்வளவுதான். குடும்பம் என்றால் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். உப்புப் பெறாத விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே. அம்மாவிடம் ஒன்றும் சொல்லிவிடவில்லையே?

உன் தம்பி

*

அக்டோபர் 12

தம்பிக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். ஆம், அதே சிக்கல்தான். வட்டு ஆறும்போது உப்பு சுருங்குகிறது, பொடி சுருங்குவதில்லை. இரண்டுக்கும் இடையே இழுபறி வந்து விரிசல் விடுகிறது. ஓடிக்கொண்டிருக்கிறவரை தெரியாது. பொடியைக் குறைக்க வேண்டும். திரும்ப ஓட்டும்போது ஹைட்ரஜனைத் திறக்கக் கூடாது. முதலில் நீராவியை மட்டும் விட்டு, வட்டைச் சூட்டிலேயே காத்திருக்கவைக்க வேண்டும். உப்பு இளகித் தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் ஹைட்ரஜன். இளகாதே இளகாதே என்று எத்தனையோ வருஷம் அதனோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் கொஞ்சம் இளகவிடுவதுதான் வழியாக இருந்தது. இதை ஜூன் கடைசியிலேயே கண்டுபிடித்து, உனக்கு எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். நீ அதைப் பற்றிக் கேட்பாய் என்று காத்திருந்தேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே கொதிகலனின் அறைக்குப் போய், அந்த விண்ணப்பத்தை வாங்கி, மூன்றாவது பெயரைச் சத்தமாக வாசித்தேன்.

"யாரு?" என்றார்.

"என் தம்பி சார். நான்தான் எழுதினேன். கடுதாசியில."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "உக்காருங்க" என்றார். பிறகு, "தம்பிக்குக் கடுதாசி எழுதறது தப்பில்லமா" என்றார். அந்த மனிதர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

விரிசலைப் பற்றியும் அதற்கான வழியைப் பற்றியும் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டு உன் நிறுவனத்தின் மேலிடத்துக்கும் அந்த மருத்துவமனைக்கும் நேற்றே அனுப்பிவிட்டோம். மற்ற இடங்களில் மாட்டினதையெல்லாம் ஓடுகிறபடியே விட்டு, ஆள் வரும்வரை நிறுத்தவோ திரும்ப ஓட்டவோ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். முறை முழுவதும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வெளியிடுகிறோம். உன் வழியாக அனுப்பியிருந்தால் வேகமாகப் போயிருக்கும். ஆனால் போய்ச் சேரும்போது வேறு பெயரில் போய்ச் சேர்ந்திருக்கும். உன் பதவிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என்மேலும் விசாரணை இருக்கிறது, போய் நிற்பேன்.

அந்த பிட்டருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

உப்புப் பெறாத விஷயம் என்றாய். யோசித்திருந்தால் அந்த வார்த்தை உன் பேனாவில் வந்திருக்காது. நீ முறையை எடுத்துக்கொண்டதைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடலாம். அம்மாவுக்குப் போனில் காது கேட்கவில்லை என்பதற்காக நீ எழுத ஆரம்பித்தாய் என்று நம்பினேன். என் வேலையை ஒருவன் ஆசையாகக் கேட்கிறான் என்று நம்பினேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நான் சந்தோஷமாக இருந்த மாதிரி என் ஆயுளில் எப்போதும் இருந்ததில்லை. அதை எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

உன் மனைவிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அவள் நல்லவள். அவளிடம் நீயே சொல்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "என்னடி எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். "சுகமா இருக்கான்மா, உன்னைத்தான் கேட்டிருக்கான்" என்றேன். "அவன் எப்பவும் பாசக்காரன்" என்றாள்.

ஆகவே அம்மாவுக்கு எழுது. மாதம் ஒன்றாவது எழுது. வழக்கம் போலப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்கிற மட்டும் வாசித்துக் காட்டுகிறேன். நடுவில் என்னை விசாரித்து ஏதாவது வரி வந்தால், அதை வாசிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.